பேசத் தெரிந்தால் போதுமா?
அரசியல் தொடர்பியல்: படிப்பும் பணிகளும்

(தில்லியின் துவாரகாவில் தமிழ் மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அரசியல் தொடர்பியல். ஆள்வோரும் ஆளப்படுவோரும், கட்சிகளும் வாக்காளர்களும், அரசும் குடிமக்களும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், யார் சொல்வதை யார் கேட்கிறார்கள், அந்தப் பேச்சு எங்கே தடைபடுகிறது, எங்கே திரிந்து போகிறது என்று ஆராய்கிற படிப்பு அது. அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பதையும் சொல்லப் போகிறேன். பெற்றோர் அதைத்தான் முதலில் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை பொறியியல் என்றால் வீட்டில் முகம் மலர்கிறது. சட்டம் என்றால் ஒருவாறு சரி என்கிறார்கள். அரசியல் தொடர்பியல் என்றால்? "அரசியலா? அது நமக்கு எதுக்குப்பா?" என்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் குறையாக எண்ணவில்லை. தில்லித் தமிழர்களில் பலர் மத்திய அரசுப் பணிக்காக வந்த குடும்பத்தினர். அரசு ஊழியர் கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்பது நடத்தை விதி. அரசியலை எட்ட நின்று பார்ப்பது நம் வீடுகளில் இரண்டு தலைமுறைப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு மதிப்பளித்தே சொல்கிறேன்: அரசியலில் இறங்குவது வேறு, அரசியல் பேச்சைப் படிப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய எந்தக் கட்சியின் துண்டும் தோளில் ஏற வேண்டியதில்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது. அது தமிழர்களுக்கே உரியது. பேச்சு என்றால் அது பிறவித் திறமை என்று நாம் நம்புகிறோம். நல்ல குரல், நினைவாற்றல், நாலு பழமொழி, கொஞ்சம் அடுக்குமொழி இருந்தால் மேடை ஏறிவிடலாம் என்று நினைக்கிறோம். பேசத் தெரிந்தால் போதுமா? போதாது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அரசியல் தொடர்பியலின் பாதி வேலை மேடைக்கு எதிரே, கூட்டத்துக்குள் இருக்கிறது. கேட்பவர் யார், அவருக்கு எது தெரிய வேண்டும், எதை அவர் நம்ப மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்று தெரிந்துகொள்கிற வேலை அது.

நம் மேடையின் வரலாற்றையே பாருங்கள். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் 1847-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஆறுமுக நாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமார் பள்ளியில் படித்தவர் அவர். கூட்டத்தை உட்காரவைத்து, ஒரு பொருளை எடுத்து, உரைநடையில் விளக்கிச் சொல்லும் முறையை எதிர்த்தரப்பிடம் கண்டு, கற்று, தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். அறுபது ஆண்டு கழித்து அந்த முறை அரசியலுக்கு வருகிறது. 1907-இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசுகிறார். அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசுகிறார்கள். கேட்டவர்களில் கோரல் ஆலைத் தொழிலாளிகளும் தெருவோர வணிகர்களும் இருந்தார்கள். தமிழில், திறந்த வெளியில், எளிய மக்களை நோக்கி அரசியல் பேசிய அந்தச் சில வாரங்கள் ஆட்சியாளர்களை அசைத்துவிட்டன.

அந்தப் பேச்சுகளை அன்று யார் படித்தார்கள் தெரியுமா? காவல்துறை படித்தது. கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்தவர்கள் போலீசார். அந்தக் குறிப்புகள்தாம் வழக்கில் சாட்சியாயின. நீதிபதி பின்ஹே 1908-இல் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். ஒரு பேச்சு மக்களிடம் என்ன செய்யும் என்பதை அளந்து பார்க்க முயன்ற முதல் ஆள் நம்மை அடக்க வந்தவராக இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிறகு யார் படித்தார்கள்? பெர்னார்டு பேட் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் மதுரைக்கு வந்தார். தமிழ் கற்றார். கட்சிக் கூட்டங்களில் நம்மோடு நின்று கேட்டார். திராவிட இயக்கத்தின் செந்தமிழ் மேடைமொழியைப் பற்றி 2009-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பழமையாகத் தோன்றுகிற அந்த மேடைத்தமிழ் உண்மையில் இருபதாம் நூற்றாண்டு சனநாயகத்தின் புதுப் படைப்பு என்பது அவர் காட்டிய செய்தி. 2016-இல் அவர் மறைந்தார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்து 1992-இல் எழுதினார். தியடோர் பாஸ்கரன் விடுதலைப் போராட்டக் காலத் தமிழ் நாடகத்தையும் சினிமாவையும் பற்றி 1981-இலேயே எழுதினார். இந்த மூன்று நூல்களும் முதலில் ஆங்கிலத்தில் வந்தவை. மேடை நம்முடையது, சினிமா நம்முடையது, சுவரெழுத்து நம்முடையது. அவற்றைப் படிக்கிற வகுப்பறையில் மட்டும் நம் பிள்ளைகள் குறைவாக இருக்கலாமா?

இந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள்? ஒரு முழக்கத்தை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன்.

1967 தேர்தல். தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. கடைக்கு முன்னால் வரிசை. தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த முழக்கம் அதோடு நிற்கவில்லை. "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அது முழுமை பெற்றது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதலில் அளவு. படி என்பது ஒவ்வொரு அடுப்பங்கரையிலும் இருக்கும் பாத்திரம். டன் கணக்கு இல்லை, விழுக்காடு இல்லை. அம்மாவின் கையில் இருக்கும் அளவையிலேயே அரசியல் பேசப்பட்டது. அடுத்து விலை. ஒரு ரூபாய். மனக்கணக்குக்கூட வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம்: எதை அடைய ஆசைப்படுகிறோம், எதை உறுதியாகத் தருவோம் என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார்கள். கேட்பவர் சந்தேகப்படுவார் என்று தெரிந்து, அந்தச் சந்தேகத்துக்கும் முழக்கத்துக்குள்ளேயே இடம் வைத்தார்கள்.

வென்றார்கள். அண்ணா முதலமைச்சரானார். ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் விரிக்க நிதி இடம் கொடுக்கவில்லை. அதை எதிர்க்கட்சியினர் கேட்டார்கள், கேட்பது அவர்கள் கடமை. அரசியல் தொடர்பியல் மாணவர் முழக்கத்தை ரசிப்பதோடு நிற்கக் கூடாது. வாக்குறுதி எங்கே பிறந்தது, எப்படிப் பரவியது, ஆட்சியில் என்ன ஆயிற்று, ஆகாத பகுதியை ஆட்சியாளர் மக்களுக்கு எப்படி விளக்கினார் என்ற முழுப் பாதையையும் பின்தொடர வேண்டும்.

இதற்கு எதிரான ஓர் எடுத்துக்காட்டு, இதே தில்லியிலிருந்து. 2004 தேர்தலுக்கு முன் "இந்தியா ஒளிர்கிறது" என்ற விளம்பரம் நாடெங்கும் வந்தது. ஒரு பெரிய விளம்பர நிறுவனம் செய்த நேர்த்தியான வேலை. படம் அழகு, அச்சு அழகு. வளர்ச்சிப் புள்ளிவிவரமும் பொய்யில்லை. ஆனால் 2002-இல் கடும் வறட்சியைப் பார்த்த உழவர் அந்தப் படத்தில் தம்மைத் தேடினார், காணவில்லை. ஆளும் பா.ஜ.க. கூட்டணி தோற்றது. விளம்பரத்தால் மட்டும் தோற்றது என்று சொல்ல மாட்டேன். கூட்டணிக் கணக்கும் மாநில நிலவரங்களும் இருந்தன. தமிழ்நாட்டில் 39 தொகுதிகளும் எதிரணிக்குப் போயின, அதற்கு வேறு காரணங்கள். ஆனாலும் இந்த விளம்பரம் இன்றுவரை வகுப்பறைகளில் பாடமாக இருக்கிறது. சொல்பவர் பெருமைப்படுகிற செய்தியும் கேட்பவருக்குத் தேவைப்படுகிற செய்தியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சரி, விளம்பரத்தைப் பார்த்தா மக்கள் வாக்கை முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியை 1940-இலேயே அமெரிக்காவில் கேட்டார்கள். பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவும் ஓஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் ஏறத்தாழ 600 பேரைத் தேர்ந்து, மே மாதம் முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வானொலியும் பத்திரிகையும் மனங்களை மாற்றிவிடும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் அவர்கள். மாறியவர்கள் கொஞ்சம் பேர்தான். வானொலியைவிட, பத்திரிகையைவிட, பக்கத்து வீட்டுக்காரரும் உடன் வேலை செய்பவரும் சொன்ன சொல்லுக்கு வலிமை அதிகம் என்று கண்டார்கள். செய்தி முதலில் விவரம் தெரிந்த சிலரிடம் போகிறது, அவர்கள் வாய்வழியே மற்றவர்களுக்குப் போகிறது.

நமக்கு இது புதிதா? ஊர்ப் படிப்பகத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட நாடு அல்லவா இது! தி.மு.க. தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்து வளர்ந்தது எதனால்? 2014 பிப்ரவரியில் பா.ஜ.க. நாடெங்கும் தேநீர்க் கடைகளைக் காணொலியில் இணைத்துத் "தேநீர் உரையாடல்" நடத்தியது எதனால்? மனிதர் மனிதரோடு பேசும் இடத்தில்தான் அரசியல் முடிவாகிறது என்று இரண்டு கட்சிகளும் அறிந்திருந்தன. ஈரி கவுண்டி ஆய்வை அவர்கள் படித்தார்களோ இல்லையோ, நீங்கள் படியுங்கள். படித்தால் அடுத்த தேர்தலில் தொலைக்காட்சியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

இனி நம் துவாரகாவுக்கு வருவோம். ஒரு பயிற்சி செய்து பார்க்கலாமா?

இங்கே ஒருவர் தேர்தலில் நிற்கிறார். நீங்கள் அவருடைய தொடர்பாளர். தண்ணீர் பற்றி ஒரு துண்டறிக்கை எழுத வேண்டும். துவாரகாவில் தண்ணீரை விடப் பழைய அரசியல் உண்டா? டேங்கர் வருமா வராதா என்று காத்திருந்த ஆண்டுகளை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எழுதத் தொடங்குமுன் முதல் கேள்வி: யாருக்கு எழுதுகிறீர்கள்? கூட்டுறவுச் சங்கக் குடியிருப்பில், காவலர் நிற்கும் வாசலுக்குள் இருப்பவருக்கா? பாக்டோலாவிலும் ஆம்பர்ஹாயிலும் போச்சன்பூரிலும், இந்த செக்டார்கள் வருவதற்கு முன்பிருந்தே வாழும் கிராமத்தவருக்கா? அவர்கள் நிலத்தின் மேல்தான் நம் அடுக்குமாடிகள் நிற்கின்றன. அல்லது, சற்றுத் தள்ளி அங்கீகாரமற்ற காலனியில் வாடகைக்கு இருக்கும் பீகார்த் தொழிலாளிக்கா? தில்லியில் 2013 முதல் பேசப்பட்ட வாக்குறுதி ஒன்று உண்டு, மாதம் 20,000 லிட்டர் இலவசத் தண்ணீர். குழாய் உள்ள வீட்டில் அது கட்டணச் சலுகை. குழாயே இல்லாத வீட்டில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? வாக்குறுதி ஒன்றுதான், காதுகள் வேறு வேறு.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. யார் பொறுப்பு? தண்ணீர் தில்லி ஜல் போர்டு, அது மாநில அரசின் கீழ். நிலமும் திட்டமும் தில்லி வளர்ச்சி ஆணையம், அது மத்திய அரசின் கீழ். குப்பை மாநகராட்சி. காவல்துறை மத்திய உள்துறை. ஒரு தெருவின் விளக்குக்கும் சாக்கடைக்கும் சாலைக்கும் வேறு வேறு அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டிய ஊர் இது. ஒருவர் இன்னொருவர் மேல் பழி போடுவது எளிது. கேட்பவருக்குக் குழப்பம் மிஞ்சும். நல்ல தொடர்பாளர் என்ன செய்வார்? எது யார் பொறுப்பு என்று ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதுவார். தம் வேட்பாளர் வென்றால் எதைச் செய்ய அதிகாரம் உண்டு, எதற்குக் கடிதம் எழுத மட்டுமே முடியும் என்பதையும் எழுதுவார். கட்சி அலுவலகத்தில் "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில் வாதாடி நிற்பதற்குப் படிப்பு வேண்டும், துணிவும் வேண்டும்.

கட்சிகள் மட்டுமா பேசுகின்றன? அரசு பேசுகிறது, தேர்தல் ஆணையம் பேசுகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52. ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் வாக்காளர்கள். பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியல் தயாரிக்க ஆள் அனுப்பினார். வட மாநிலங்களில் வீட்டு வாசலில் நின்ற பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றார்கள். வெளியாளிடம் பெயர் சொல்வது வழக்கமில்லை. சென் அதை ஏற்கவில்லை. வாக்கு ஒரு தனி மனிதரின் உரிமை, பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்றார். கால அவகாசம் கொடுத்தும் பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன.

28 லட்சம் பேர்! இதை ஒரு நிர்வாகச் சிக்கல் என்று கடந்து போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசின் கேள்வி அந்தப் பெண்ணின் காதில் என்னவாக விழுந்தது? கேட்டவர் ஆணா பெண்ணா? எதற்காகப் பெயர் கேட்கிறோம் என்று அவளிடம் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? அரசியல் தொடர்பியலின் மிகப் பெரிய கேள்விகள் எல்லாம் அந்த வாசற்படியில் இருக்கின்றன. சென்னின் முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் இன்றும் பலர் பெயரில்லாமல் இருந்திருப்பார்கள். ஆனால் முடிவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை மக்களிடம் கொண்டுசேர்க்க ஆள் வேண்டும், மொழி வேண்டும், பொறுமை வேண்டும்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. வாக்காளர்க் கல்விக்கென்று தேர்தல் ஆணையம் 2009 முதல் தனித் திட்டமே நடத்துகிறது. 2011 முதல் ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாள். அதே 2011-இல் தேர்தல் நிர்வாகத்தைக் கற்பிக்க ஆணையம் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கியது, ஜனநாயகத்துக்கும் தேர்தல் மேலாண்மைக்குமான இந்தியப் பன்னாட்டு நிறுவனம். அதன் வளாகம் எங்கே இருக்கிறது? நம் துவாரகா 13-ஆம் செக்டாரில்! பிற நாடுகளின் தேர்தல் அதிகாரிகள் அங்கே வந்து பயில்கிறார்கள். 2025-இல் தமிழ்நாட்டுக் கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்கள் அங்கே வந்து பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். அடுத்த 14-ஆம் செக்டாரில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம். 16சி செக்டாரில் குரு கோவிந்த் சிங் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகம், அதற்குள் வெகுசனத் தொடர்பியல் பள்ளி. தேர்தல், சட்டம், ஊடகம் மூன்றையும் கற்பிக்கும் வளாகங்கள் ஒரே துணைநகரில் அமைந்த வேறு ஊர் இந்தியாவில் எத்தனை இருக்கும்? நம் பிள்ளைகள் தினமும் அந்த மதிற்சுவர்களைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போகிறார்கள்.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். வேலை?

பலர் முதலில் நினைப்பது தேர்தல் வியூக நிறுவனம். பிரசாந்த் கிஷோர் பெயரால் புகழ்பெற்ற துறை. 2013-இல் தொடங்கிய ஓர் இளைஞர் குழு 2014 தேர்தலில் மோடிக்காக வேலை செய்தது, பின் ஐபேக் ஆயிற்று, 2021-இல் தமிழ்நாட்டில் தி.மு.க.வுக்குப் பணியாற்றியது. அங்கே கள ஆய்வு செய்பவர், தொகுதித் தரவு தொகுப்பவர், காணொலி செய்பவர், உரை எழுதுபவர் என்று நூற்றுக்கணக்கான இளைஞர்கள் சேர்கிறார்கள். கற்றுக்கொள்ள நல்ல இடம். ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், அதை மட்டும் நம்ப வேண்டாம். வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் பலருக்கு வேலை முடிந்துவிடும். உறக்கமில்லாத மாதங்கள், ஒப்பந்தச் சம்பளம், அடுத்த மாநிலத்துக்குப் பெட்டியைக் கட்டும் வாழ்க்கை. இளமையில் ஒரு தேர்தல், இரண்டு தேர்தல் செய்யலாம். அதையே வாழ்நாள் திட்டமாக வைக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை வேறொன்று. நாடாளுமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக இருப்பது. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் 2010-இல் தொடங்கிய "லேம்ப்" என்ற உதவித்தொகைத் திட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எந்தப் பாடத்தில் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கும் இடமளித்த திட்டம் அது. தேர்வானவர் மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் பட்ஜெட் கூட்டத்தொடர் வரை ஓர் உறுப்பினருக்காக வேலை செய்வார். மசோதாவைப் படித்துச் சுருக்க வேண்டும், கேள்வி தயாரிக்க வேண்டும், உரைக்குக் குறிப்பு எழுத வேண்டும். மக்களவையில் விதி 377 என்று ஒன்று உண்டு. தொகுதிப் பிரச்சினையை அதன் கீழ் எழுப்பலாம், ஆனால் 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். இராமநாதபுரத்து மீனவர் துயரத்தை, திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீரை, 250 சொற்களில், அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டிய விதத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு சொல் கூடுதலாக இருந்தால் தெரியும். ஓர் உண்மை தவறாக இருந்தால் அவையில் அவமானம். எழுத்துக்கு இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

அரசுப் பணி வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தியத் தகவல் பணி இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வு வழியாகச் சேரும் பணிகளில் அதுவும் ஒன்று. பத்திரிகைத் தகவல் அலுவலகம் முதல் அமைச்சகங்களின் செய்தித் தொடர்பு வரை அவர்கள் கையில். பயிற்சி, ஜே.என்.யு. அருகே உள்ள இந்திய வெகுசனத் தொடர்பியல் நிறுவனத்தில். 1965-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2024-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. வெளிமாணவர்களும் சேரலாம்.

தமிழ் தெரிந்தவருக்கென்றே தில்லியில் ஒரு வேலை காத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசும்போது, அதே நொடியில் அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்லும் மொழிபெயர்ப்பாளர். மாநிலங்களவையில் 2018 முதல் அட்டவணை மொழிகள் 22-இலும் பேச வழி உண்டு. தமிழுக்கு அதற்கு முன்பே அந்த வசதி இருந்தது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர் தடுமாறினால், லட்சக்கணக்கான வாக்காளர்களின் குரல் அந்த அவையில் தடுமாறும். இந்தப் பெருமை தில்லித் தமிழருக்குப் புதிதல்ல. இங்கிருந்து வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த பூர்ணம் விசுவநாதனையும் சரோஜ் நாராயணசுவாமியையும் இந்த அவையின் மூத்தவர்கள் மறக்க முடியுமா? நாட்டின் தலைநகரில் நடப்பதைக் குமரி வரை, கேட்ட மாத்திரத்தில் புரியும் தமிழில் கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள்.

கணக்குப் பிடித்த பிள்ளை இருக்கிறதா? வாக்காளர் ஆய்வு இருக்கிறது. இதே தில்லியில் ராஜ்பூர் சாலையில், ரஜனி கோத்தாரி 1963-இல் நிறுவிய ஆய்வு மையத்தின் லோக்நீதி பிரிவு ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் வாக்காளர்களை வீட்டில் போய்ச் சந்தித்து ஆய்வு செய்கிறது. மாதிரி எடுப்பது எப்படி, கேள்வியை எந்தப் பக்கமும் சாயாமல் அமைப்பது எப்படி, பதில் சொல்லத் தயங்குபவரிடம் எப்படி உட்கார்ந்து பேசுவது என்று கற்ற ஒருவருக்குச் சந்தை ஆய்விலும் பொதுச் சுகாதாரத்திலும்கூட வேலை உண்டு.

சட்டம் படிப்பவர்களுக்கு இத்துறை நாளுக்கு நாள் விரிகிறது. காரணத்தைச் சொல்கிறேன். 2020 பிப்ரவரி, தில்லிச் சட்டமன்றத் தேர்தல். பா.ஜ.க.வின் மனோஜ் திவாரி பேசிய ஒரு காணொலி வந்தது. அவர் பேசியது இந்தியில். இன்னொரு காணொலியில் அதே முகம், அதே உதடு ஹரியாண்வியில் பேசியது. குரல் வேறொருவருடையது, உதட்டசைவைக் கணினி பொருத்தியது. ஏறத்தாழ 5,800 வாட்ஸ்அப் குழுக்களில் அது போனதாக அப்போது செய்தி வந்தது. நம் பக்கத்துக் கிராமங்களின் பேச்சுமொழி அல்லவா ஹரியாண்வி! 2024 ஜனவரியில், மறைந்த கலைஞர் கருணாநிதியின் உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பேசின. கண்டு நெகிழ்ந்தவர்கள் உண்டு. இறந்தவர் சம்மதம் தர முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. என் நிலையைச் சொல்லிவிடுகிறேன்: பேசாத ஒருவரைப் பேசியதாகக் காட்டுவது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேட்பவருக்குச் செய்யும் அநீதி.

நம் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு நல்ல மரபை ஏற்கெனவே வைத்திருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, தேர்தல் துண்டறிக்கை ஒவ்வொன்றிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். தெருவில் கிடக்கும் நாலணாக் காகிதத்துக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்கிறது சட்டம். தொலைக்காட்சி விளம்பரத்துக்கு முன்சான்றிதழ் வேண்டும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது. செயற்கை நுண்ணறிவால் செய்ததை அப்படியே குறிப்பிட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2025 ஜனவரியில் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது, தில்லித் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரத்தில். யார் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை கேட்பவருக்கு உண்டு. அந்த உரிமையைக் கைபேசித் திரையிலும் காப்பது எப்படி என்பதற்கு விடை இன்னும் முழுதாக எழுதப்படவில்லை. எழுதப் போகிறவர்கள் இங்கே முன் வரிசையில் இருக்கலாம்.

எங்கே சேருவது? இளநிலையில் அரசியல் தொடர்பியல் என்ற பெயரிலேயே பட்டம் தேடினால் நம் நாட்டில் அரிது. லண்டன் பொருளியல் பள்ளியில் முதுநிலை இருக்கிறது, வாஷிங்டனில் இளநிலையே இருக்கிறது, செலவு பெரிது. இங்கேயே வழி உண்டு. இளநிலையில் அரசியல் அறிவியலோ வரலாறோ சமூகவியலோ படியுங்கள், பிறகு இதழியலுக்கு வாருங்கள். ஜாமியா மில்லியாவின் ஊடகப் பயிற்சி மையம் 1982 முதல் இருக்கிறது, நம் இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் இருக்கின்றன, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. முதலில் இதழியல், பிறகு அரசியல் என்ற வரிசையை நான் பரிந்துரைப்பதில்லை. கேமராவைப் பிடிக்கச் சில மாதங்களில் கற்றுவிடலாம். ஒரு மாநகராட்சி எப்படி இயங்குகிறது, ஒரு மானியக் கோரிக்கை என்றால் என்ன என்பதற்கு ஆண்டுகள் வேண்டும்.

புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள். இந்தியை வெறுக்காதீர்கள், ஆங்கிலத்துக்கு அஞ்சாதீர்கள், தமிழை விடாதீர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, ஆட்டோவில் ஹரியாண்வி என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் கிடைக்கும் வலிமை சென்னையில் வளர்ந்தவருக்கும் கிடைக்காது, லக்னோவில் வளர்ந்தவருக்கும் கிடைக்காது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சேர்க்கை வரும்வரை காத்திராமல் இந்த மாதமே தொடங்குங்கள். உங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று கண்டுபிடியுங்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போய் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் பேசாமலே எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சன்சத் தொலைக்காட்சியில் ஒரு கேள்வி நேரத்தை முழுதாகப் பாருங்கள். உங்கள் தெருவின் ஒரு குறையை எடுத்து 250 சொற்களில் எழுதுங்கள். எழுதியதை என்னிடம் கொண்டு வந்தால் உட்கார்ந்து திருத்தித் தருகிறேன். இன்று இங்கே நேரம் இருக்கிறது, முதலில் மாணவர்களின் கேள்விகளை எடுத்துக்கொள்வோம், பிறகு பெற்றோர்.